கையில் மிச்சம், மனத்தில் நிறைவு: பணம், வேலை, நேரம் மூன்றிலும் போதாமையைக் கடப்பது எப்படி

விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வின் முடிவு 2013-ஆம் ஆண்டு வெளியானது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர் அதை நடத்தியிருந்தார்கள். கரும்பு பயிரிடுபவருக்குப் பணம் ஆண்டுக்கு ஒரு முறை, வெட்டு முடிந்து ஆலையிலிருந்து பட்டுவாடா ஆகும்போதுதான் மொத்தமாக வந்து சேரும். ஆகையால் வெட்டுக்கு முந்தைய மாதங்களில் கைமாற்றும் அடகும் மிகுந்திருக்கும். பணம் வந்தபின் சில மாதங்கள் சற்று மூச்சு விட முடியும். இந்த இரு காலங்களிலும் அதே விவசாயிகளுக்கு ஒரே வகையான சிந்தனைத் தேர்வுகளை வைத்துப் பார்த்தபோது, பணமுடை இருந்த காலத்தில் அவர்கள் பெற்ற மதிப்பெண் குறைவாகவும், முடை நீங்கிய காலத்தில் பெற்றது கூடுதலாகவும் இருந்தது. ஆள் மாறவில்லை, படிப்பு மாறவில்லை, நிலமும் மாறவில்லை. கையிருப்பு மட்டுமே மாறியிருந்தது.

நிறைவான மனநிலையை வளர்த்துக்கொள்ள விரும்பும் எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுவே என்று நான் கருதுகிறேன். நாளைய தவணைக்கு என்ன செய்வது என்ற ஒரே கேள்வி மனத்தை அடைத்துக்கொண்டிருக்கும்போது, பிள்ளையின் மேற்படிப்பையோ அடுத்த பருவத்துப் பயிரையோ நிதானமாக எண்ணிப் பார்க்க இடமிருப்பதில்லை. அப்படிப்பட்ட நிலையில் இருப்பவரிடம், "ஏழையாக நினைப்பதால்தான் நீங்கள் ஏழையாக இருக்கிறீர்கள்" என்று சொல்வது உண்மைக்கும் மாறானது, மனிதத்தன்மைக்கும் மாறானது. காலையில் கண்ணாடி முன் நின்று "என்னிடம் எல்லாம் இருக்கிறது" என்று நூறு முறை சொல்லிக்கொள்வதால் வாடகை கட்டப்பட்டுவிடாது. மனம் தெளிவதற்கு, சிறிதளவாவது உண்மையான மிச்சம் வேண்டும். அந்த மிச்சத்தைப் பணத்திலும் வேலையிலும் நேரத்திலும் எப்படி உண்டாக்குவது, உண்டாக்கியதை எப்படிக் காப்பது என்பதையே இந்தக் கட்டுரை சொல்ல முற்படுகிறது. ஏரியில் தண்ணீர் நிற்கும் ஊரில் மழை மூன்று வாரம் தள்ளிப்போனாலும் நாற்றங்கால் காய்வதில்லை. அங்குள்ளவர்களின் பேச்சிலேயே ஒரு நிதானம் இருக்கும். அந்த நிதானம்தான் நாம் தேடுவது.

குறைவது எது என்று முதலில் பாருங்கள்

போதவில்லை என்று சொல்பவர்கள் இரு வகையினர். ஒரு வகையினருக்கு வரவு உண்மையிலேயே போதாது. மற்றொரு வகையினருக்கு வரவு போதும், ஆனால் போதும் என்று தோன்றுவதில்லை. சம்பளம் இரு மடங்கான பிறகும் மாதக் கடைசியில் அதே தவிப்பு நீடிக்கிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல. முதல் வகையினர் எண்ணத்தைத் திருத்துவதில் காலத்தைச் செலவிடாமல், வரவைக் கூட்டுவதிலும் வட்டியை அடைப்பதிலும் அரசு தரும் உதவிகளைக் கேட்டுப் பெறுவதிலும் முனைய வேண்டும். இரண்டாம் வகையினர், போதும் என்பதற்கு ஒரு தொகையை எழுதி வைக்காமல் எவ்வளவு சம்பாதித்தாலும் நிறைவு காணப்போவதில்லை.

நீங்கள் எந்த வகை என்று அறிய ஓர் எளிய வழி இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் உங்கள் மாத வரவு எவ்வளவு, அப்போது மாதக் கடைசியில் கையில் எவ்வளவு நின்றது என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். அதன் கீழ் இப்போதைய வரவையும் இப்போது நிற்பதையும் எழுதுங்கள். விலைவாசி ஏறியதையும் குடும்பத்தில் புதிதாக வந்த மருத்துவச் செலவு, படிப்புச் செலவு போன்றவற்றையும் கழித்த பிறகும் வரவு தெளிவாகக் கூடியிருந்து, நிற்பது மட்டும் கூடவில்லை என்றால், நீங்கள் பெரும்பாலும் இரண்டாம் வகை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; தெரிந்துகொண்டால் அடுத்த படி எளிதாகும்.

பணம்

பெரும்பாலான வீடுகளில் கணக்கு எழுதுவது என்றால் அன்றாடச் செலவை எழுதுவது என்றே பொருள் கொள்கிறார்கள். பாலும் காய்கறியும் ஒரு குடும்பத்தை அரிதாகவே கவிழ்க்கின்றன. கவிழ்ப்பவை ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ வரும் பெருஞ்செலவுகள். ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் வருகிறது. ஐப்பசியில் தீபாவளி வருகிறது. வண்டிக்குக் காப்பீடு, வீட்டு வரி, குடிநீர் வரி என்று ஒவ்வொன்றும் தனக்குரிய மாதத்தில் தவறாமல் வந்து நிற்கிறது. வைகாசி, ஆவணி, தை மாதங்களில் முகூர்த்தங்கள் அடுக்கி வரும், மொய் எழுதியே தீர வேண்டும். இவற்றை நாம் "எதிர்பாராத செலவு" என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அவை ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில் வருகின்றன.

எனவே முதல் வேலையாக, பன்னிரண்டு மாதங்களையும் ஒரு பெரிய தாளில் எழுதி, அன்றாடச் செலவல்லாத ஒவ்வொரு செலவையும் அதற்குரிய மாதத்தில் குறித்துவிடுங்கள். எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்துக்குப் பள்ளிக் கட்டணம் 36,000, தீபாவளிக்கு 15,000, மொய் 24,000, வண்டிக் காப்பீடும் பழுதுபார்ப்பும் 6,000, வரிகள் 3,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 84,000 ரூபாய், மாதத்துக்கு 7,000. இந்தக் குடும்பத்தின் மாத வரவு 40,000 என்றால், அவர்கள் உண்மையில் செலவழிக்கக்கூடியது 33,000 மட்டுமே. நாற்பதாயிரம் இருப்பதாக எண்ணி வாழும்வரை அவர்களுக்கு ஆண்டில் நான்கைந்து மாதங்கள் நெருக்கடியாகத்தான் இருக்கும், ஒவ்வொரு நெருக்கடியும் ஒரு கடனாக முடியும். முப்பத்து மூவாயிரம்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, ஏழாயிரத்தைச் சம்பளம் வந்த அன்றே வேறு கணக்குக்கு மாற்றிவிட்டால், ஜூன் மாதம் மற்ற மாதங்களைப் போலவே கழியும். வரவில் ஒரு ரூபாய் கூடாமலே மனத்தின் பாரம் குறைவதை இந்த ஒரு மாற்றத்தில் காணலாம், அதனால் இதையே நான் முதலில் வைக்கிறேன்.

அடுத்தது வட்டி. கடன் வாங்குபவரின் காதில் சிறியதாக விழும்படிதான் நம் ஊரில் வட்டி சொல்லப்படுகிறது. "நூற்றுக்கு இரண்டு வட்டி" என்றால் மாதத்துக்கு இரண்டு ரூபாய், ஆண்டுக்கு 24 விழுக்காடு. ஐந்து வட்டி என்றால் 60 விழுக்காடு. தண்டல் இதைவிடக் கொடியது. பத்தாயிரம் ரூபாய்க் கடன் என்று சொல்லி, முன்னதாகவே ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரத்தைக் கையில் கொடுத்து, நாளொன்றுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் வசூலிப்பதாகக் கொள்ளுங்கள். ஆயிரம் ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக் கொண்டிருப்பதால், சராசரியாக நம் கையில் இருக்கும் கடன் ஐயாயிரத்துக்கும் குறைவு. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இந்த வட்டி 75 விழுக்காட்டைத் தாண்டுகிறது. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் போன்ற அளவு மீறிய வட்டி வசூல் குற்றமாகும். மிரட்டலுக்கு ஆளாகும் எவரும் காவல் நிலையத்திலோ மாவட்ட ஆட்சியரிடமோ முறையிடலாம் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

கடன்கள் பல இருந்தால், தொகையைப் பார்க்காமல் வட்டி விகிதத்தைப் பார்த்து வரிசைப்படுத்துங்கள். மிக உயர்ந்த வட்டிக் கடனை முதலில் அடைத்துவிடுங்கள். வீட்டில் நகை இருந்து, அதே நேரம் ஐந்து வட்டிக்குக் கடனும் இருந்தால், நகையை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அடகு வைத்து அந்தக் கடனை அடைப்பது பெரும்பாலும் ஆதாயமே. நகை அடகுக்குப் போவதைக் கௌரவக் குறைவாக எண்ணி, அதைவிடப் பல மடங்கு வட்டியை மறைவாகக் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் உண்டு. அந்தக் கௌரவத்துக்கு அவர்கள் கொடுக்கும் விலை மிக அதிகம்.

மிச்சத்தைத் தனியாகச் சேர்க்க முடியாதவர்களுக்குக் கூட்டாகச் சேர்ப்பது கைகொடுக்கும். 1989-இல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் துணையோடு தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் மாநிலம் முழுதும் பரவியதற்கு வங்கிக் கடன் ஒரு காரணம். ஆனால் அவற்றின் உயிர்நாடி வாராவாரம் போட்ட சிறு தொகையே என்பேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரவோடு இரவாகக் குழுப் பணத்திலிருந்து ஐந்நூறு ரூபாய் கிடைக்கும் என்ற உறுதி, வட்டிக்காரர் வீட்டு வாசலில் நிற்க வேண்டிய நிலையை நீக்கியது. ஏலச்சீட்டும் இதே தேவைக்காகப் பிறந்ததுதான். சீட்டுப் போடுவதாக இருந்தால், 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டத்தின் கீழ் பதிவான சீட்டுதானா என்று கேட்டு, பதிவு ஆவணத்தைக் கண்ணால் பாருங்கள். நடத்துபவரின் தரகு 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 7 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. தெரிந்தவர் நடத்துகிறார் என்பது பதிவுக்கு ஈடாகாது.

இனி உங்கள் சொந்த மிச்சம். ஆறு மாதச் செலவைச் சேர்த்து வைக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அதைக் கேட்டே பலர் தொடங்காமல் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் முதலில் ஒரு வாரச் செலவைச் சேர்க்க முனையுங்கள். அது சேர்ந்ததும் ஒரு மாதச் செலவுக்குப் போகலாம். அஞ்சலகத்தில் தொடர் வைப்புக் கணக்கை மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம். அவசரத்துக்கு எடுக்கும் பணத்தைச் சம்பளக் கணக்கிலேயே வைக்காமல், கைப்பேசிச் செயலியோடு இணைக்காத ஒரு சேமிப்புக் கணக்கில் வைப்பது நல்லது. எடுப்பதற்கு வங்கிக்கு ஒரு நடை போக வேண்டியிருந்தால், வீண் செலவுக்குக் கை போகாது, உண்மையான அவசரத்துக்குப் போகும். வங்கி மூழ்கிவிடுமோ என்று அஞ்சுபவர்களுக்கு: 2020 பிப்ரவரியிலிருந்து ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வைப்புத்தொகைக்கு, வட்டியும் சேர்த்து, காப்பீடு உண்டு. இந்தப் பணம் வளர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதிக வட்டி தேடி அதை நெடுங்கால முதலீட்டில் பூட்டிவிட்டு, அவசரத்துக்கு மறுபடியும் தண்டலுக்குப் போகிறவர்கள் அந்த வட்டியைப் போலப் பல மடங்கை இழக்கிறார்கள்.

வரவு போதுமானவர்களுக்கு வேறொரு பயிற்சி தேவை. அடுத்த சம்பள உயர்வு வருவதற்கு முன்பே, கணவனும் மனைவியும் உட்கார்ந்து, உயர்வில் எத்தனை பங்கு செலவுக்கு, எத்தனை பங்கு சேமிப்புக்கு என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பாதிப் பாதி என்பது நியாயமான தொடக்கம். எந்த வீடு போதும், எந்த வண்டி போதும், எத்தனை சவரன் போதும் என்பதையும் அப்போதே எழுதுங்கள். பணம் கைக்கு வந்த பிறகு இதை முடிவு செய்ய முயன்றால், அண்டை வீட்டாரின் புதிய காரோ உறவினரின் புதுமனைப் புகுவிழாவோ உங்களுக்காக முடிவு செய்துவிடும். மற்றவரின் வாழ்வைப் பார்த்து மகிழ முடிவதும் முடியாமல் போவதும் பெரும்பாலும் இந்தத் தாள் வீட்டில் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தே அமைகிறது.

கொடுப்பது பற்றியும் சொல்ல வேண்டும். நிறைந்த மனம் கொடுக்கும் என்பது உண்மை; ஆனால் கடன் வாங்கிக் கொடுப்பது நிறைவின் அடையாளம் ஆகாது. உறவினர் ஒருவர் இருபதாயிரம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் திருப்பித் தராவிட்டாலும் உங்கள் வீடு ஆடாது என்ற தொகை எவ்வளவோ, அதை மட்டும் கொடுங்கள். "அண்ணே, இருபதாயிரம் இப்போ என்னால முடியாது. இந்த மூவாயிரத்தை வைச்சுக்குங்க, திருப்பித் தரணும்னு இல்லை" என்று சொல்லிவிட்டால் உறவும் நிலைக்கும், நீங்களும் ஆறு மாதம் அந்தப் பணத்தை நினைத்துக் குமைய வேண்டியிருக்காது. புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரத்தில் ஆடி, ஆவணி மாதங்களில் நடக்கும் மொய் விருந்து, கொடுப்பதையும் பெறுவதையும் ஊரே சேர்ந்து ஒழுங்குபடுத்திக்கொண்ட அரிய ஏற்பாடு. விருந்து வைக்கும் குடும்பத்துக்கு வருபவர்கள் மொய் எழுதுகிறார்கள், அவர்கள் விருந்து வைக்கும்போது அது திருப்பிச் செய்யப்படுகிறது; வட்டியில்லாமல் ஒரு குடும்பத்தின் கைக்குப் பெருந்தொகை வந்து சேர்கிறது. கிணறு வெட்டுகிறார்கள், கடை வைக்கிறார்கள், பிள்ளையைப் படிக்க அனுப்புகிறார்கள். ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, கொடுக்க வேண்டியவர், பெற வேண்டியவர் இருவருக்கும் ஒரே நேரத்தில் வரவு நின்றுபோனது. ஊரின் மேல் வைக்கும் நம்பிக்கையோடு, வீட்டில் தனி மிச்சமும் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

வேலை

வேலையில் போதாமை அச்சமாக வெளிப்படுகிறது. தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தால் நம் இடம் போய்விடும். ஒரு வேலையை மறுத்தால் இனி வேலையே வராது. சக ஊழியர் உயர்ந்தால் நாம் தாழ்ந்துவிட்டோம். இந்த அச்சங்கள் எல்லாம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரிடம், அவருக்குப் பதிலாக வரப்போகிறவருக்கே வேலை கற்றுக்கொடுக்கச் சொன்னால், அவர் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. ஆகவே அச்சத்தை ஒதுக்குவதற்கு முன், உங்கள் துறையில் வேலையின் அளவு வரையறுக்கப்பட்டதா, பரந்து கிடப்பதா என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு மேலாளர் பதவிக்கு மூவர் போட்டியிடும் இடத்தில் எச்சரிக்கை தவறாகாது. தையல், மின்பணி, கணக்கு எழுதுதல், மென்பொருள், மருத்துவம், கற்பித்தல் போன்றவற்றில் தேவை பெரும்பாலும் செய்பவர்களின் எண்ணிக்கையைவிடப் பெரிது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் வரலாறு இதற்குப் பொருத்தமானது. மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 58 வயதில், 1976-இல் பதினொரு படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் அவருடைய விரல்கள் இளமையிலேயே கோணிப்போயிருந்தன. அந்த விரல்களாலேயே அறுவை சிகிச்சை செய்யப் பழகிக்கொண்டவர் அவர். கட்டணம் செலுத்துபவர்களின் பணத்திலிருந்தே கட்டணம் செலுத்த முடியாதவர்களுக்கும் சிகிச்சை தரும் முறையை அவர்கள் உருவாக்கினார்கள். கண்ணுக்குள் பொருத்தும் வில்லைகளின் இறக்குமதி விலை ஏழைகளுக்கு எட்டாததாக இருந்தபோது, 1992-இல் ஆரோலேப் என்ற சொந்த ஆலையை நிறுவி அவற்றை மிகக் குறைந்த விலையில் செய்தார்கள். இவை எல்லாவற்றையும்விட நான் மதிப்பது, தங்கள் முறைகளைப் பிற கண் மருத்துவமனைகளுக்குக் கற்றுக்கொடுக்கவே அவர்கள் தனியாக ஒரு பயிற்சி நிறுவனம் நடத்துவதை. தொழில் இரகசியம் என்று மூடி வைத்திருக்கலாம். ஆனால் கண்புரையால் பார்வை இழந்தவர்கள் எந்த ஒரு மருத்துவமனையாலும் பார்த்து முடிக்க முடியாத எண்ணிக்கையில் இருந்தார்கள்; மற்றொரு மருத்துவமனை வளர்ந்தால் தங்களுக்கு ஒன்றும் குறையாது என்பதை அவர்கள் கணக்காகவே அறிந்திருந்தார்கள்.

இதை உங்கள் வேலையில் நடைமுறைப்படுத்த, நீங்கள் மட்டுமே செய்யத் தெரிந்த வேலை ஒன்றைத் தேர்ந்து, அதைப் படிப்படியாக எழுதி வைத்து, இன்னொருவருக்குக் கற்றுக்கொடுங்கள். உங்களுக்கு விடுப்புக் கிடைப்பதும், உங்களை அடுத்த பொறுப்புக்கு நகர்த்த மேலதிகாரி துணிவதும் அதன்பின்தான் நடக்கும்; வேறு எவராலும் செய்ய முடியாத வேலையில் இருப்பவரை அங்கிருந்து நகர்த்த யாரும் விரும்புவதில்லை. சொந்தத் தொழில் செய்பவர்கள், தங்களால் நேரத்துக்கு முடிக்க முடியாத வேலையை நம்பிக்கையான இன்னொருவருக்கு அனுப்பி வைக்கப் பழக வேண்டும். வைகாசி முகூர்த்தத்துக்கு ஏற்கெனவே நாற்பது இரவிக்கைகள் கையில் இருக்கும் தையற்காரர், நாற்பத்தொன்றாவதை ஏற்றுக்கொண்டு எல்லாவற்றையும் தாமதமாக்குவதைவிட, "இந்த மாசம் முடியாதும்மா, அடுத்த தெருவுல இருக்கிற அக்கா நல்லா தைப்பாங்க" என்று சொல்வது மேல். வாடிக்கையாளர் அந்த நேர்மையை நினைவில் வைத்துக்கொள்வார். அந்த அக்காவும் தம் கையில் வேலை நிறையும் காலத்தில் இங்கே அனுப்புவார்.

மறுக்கும் துணிவு வெறும் மன உறுதியால் வருவதில்லை. வீட்டில் ஒரு மாதச் செலவு தனியாக இருப்பவரால் முன்பணம் கேட்க முடிகிறது, நியாயமற்ற விலையை மறுக்க முடிகிறது, அவமதிக்கும் முதலாளியை விட்டு விலக முடிகிறது. பணத்தைப் பற்றிய பகுதியை முதலில் வைத்ததற்கு இதுவும் காரணம். இன்னொரு பாதுகாப்பும் தேவை: உங்கள் வரவில் பாதிக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது என்றால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், இரண்டாவது, மூன்றாவது வாடிக்கையாளரைத் தேடுவதை இந்த மாதமே தொடங்குங்கள்.

நேரம்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஒரு பெரிய மருத்துவமனையின் அறுவை அரங்குகள் அனைத்தும் முன்கூட்டியே நிரம்பியிருந்தன. விபத்தில் அடிபட்டவர் வந்துவிட்டால் திட்டமிட்ட அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போகும். மருத்துவர்கள் நள்ளிரவு வரை காத்திருப்பார்கள். இன்னும் அரங்குகள் வேண்டும் என்று எல்லோரும் கேட்டபோது, இருப்பதிலேயே ஓர் அரங்கைத் திட்டமிட்ட சிகிச்சைக்கு ஒதுக்காமல் அவசரத்துக்கென்றே காலியாக வைக்கும்படி அறிவுரை தரப்பட்டது. பற்றாக்குறை இருக்கும் இடத்தில் ஒன்றைக் காலியாக வைப்பதா என்று பலருக்கும் தோன்றியிருக்கும். ஆனால் அவ்வாறு வைத்தபின் குழப்பம் குறைந்தது, செய்து முடித்த அறுவை சிகிச்சைகளின் எண்ணிக்கை கூடியது.

உங்கள் நாளிலும் அப்படி ஓர் அறை வேண்டும். வேலை நாளில் ஒரு மணி நேரத்தை, முடிந்தால் பிற்பகலில், எந்த வேலைக்கும் கொடுக்காமல் விட்டு வையுங்கள். எதிர்பாராமல் வருவது அந்த நேரத்துக்குள் போகட்டும். ஒன்றும் வராத நாளில் நாளைய வேலையைத் தொடங்கலாம், அல்லது ஓய்வெடுக்கலாம். வாரத்தில் அரை நாளை அவ்வாறே விட முடிந்தால், தள்ளிப்போன வேலைகள் அடுத்த வாரத்துக்குள் வழியாது. ஒரு வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று மதிப்பிடும்போது, எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று எண்ணாமல், சென்ற முறை எவ்வளவு பிடித்தது என்று பார்த்துச் சொல்லுங்கள். யாராவது ஒன்றைச் செய்யக் கேட்டால் அந்த நொடியிலேயே ஒப்புக்கொள்ளாமல், "பார்த்துவிட்டு நாளை சொல்கிறேன்" என்று சொல்லி, நாட்காட்டியைப் பார்த்தபின் பதில் தரும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். மூன்று வாரம் கழித்து வரும் நாள் இன்று காலியாகத் தெரிவது இயல்பு. அந்த நாள் நெருங்கும்போது அதுவும் இன்றைய நாளைப் போலவே நிரம்பியிருக்கும்.

நேரத்தைப் பற்றிப் பேசும்போது வீட்டுக்குள் அது எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதைத் தவிர்த்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. 2019-இல் இந்தியா முழுதும் எடுக்கப்பட்ட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதற்குச் செலவிட்டார்கள்; ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்கள். அதிலும் ஆண்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர்தான் அந்த வேலைகளில் கை வைத்திருந்தார்கள். ஐந்து மணி நேர வேலை ஒருவர் தோளில் இருக்கும்போது, அவரிடம் நேர மேலாண்மை பற்றியோ நிறைவான மனநிலை பற்றியோ அறிவுரை சொல்வதில் பொருளில்லை. வீட்டு வேலைகள் அனைத்தையும், கண்ணுக்குத் தெரியாதவற்றையும் சேர்த்து, ஒரு தாளில் எழுதுங்கள். எரிவாயு உருளைக்குப் பதிவு செய்வது, தடுப்பூசி நாளை நினைவில் வைப்பது, மாமியாரின் மாத்திரை தீர்வதற்குள் வாங்குவது ஆகியவையும் வேலைகளே. பிறகு ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு பெயரை எழுதுங்கள். உதவி செய்கிறேன் என்ற நிலையில் நிற்காமல், சில வேலைகளை நினைவில் வைப்பது உட்பட முழுமையாக ஏற்றுக்கொள்ளும் ஆண், தம் மனைவிக்குக் கொடுக்கக்கூடிய எந்தப் பரிசையும்விடப் பெரியதைக் கொடுக்கிறார்.

பழக்கமாக்குவது

மூன்றையும் ஒரே மாதத்தில் தொடங்க வேண்டாம். ஆண்டுச் செலவுத் தாளும் முதல் ஒரு வாரச் செலவுக்கான சேமிப்பும் நிலைபெறும்வரை வேலையிலும் நேரத்திலும் பெரிய மாற்றங்களைத் தொடாமல் இருப்பது நல்லது. பிறகு மாதத்துக்கு ஒரு நாள், அரை மணி நேரம், வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கணக்கைப் பார்க்கலாம். பத்து வயதைக் கடந்த பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். கடன் இருப்பதைப் பிள்ளைகளிடம் மறைக்கும் வீட்டில் அவர்கள் அச்சத்தை மட்டும் உணர்கிறார்கள், காரணத்தை அறிவதில்லை. எவ்வளவு வருகிறது, எதற்குப் போகிறது, எவ்வளவு மிஞ்சுகிறது என்று தெரிந்த பிள்ளை, சுற்றுலாவுக்குப் பணம் கேட்பதற்கு முன் அந்தத் தாளைப் பார்க்கும்.

சேர்த்த மிச்சம் ஒரு நாள் கரையத்தான் செய்யும். மருத்துவமனைச் செலவு வரும், வேலை போகும், இரண்டு முகூர்த்தங்கள் ஒரே வாரத்தில் விழும். அப்போது, எல்லாம் பழையபடி ஆகிவிட்டதே என்று பலர் மனம் உடைந்து சேமிப்பையே கைவிட்டுவிடுகிறார்கள். அந்தப் பணம் அதற்காகத்தான் சேர்க்கப்பட்டது. வட்டிக்காரரிடம் போகாமல் அந்த வாரத்தைக் கடந்திருக்கிறீர்கள். எடுத்த தொகையைக் குறித்துக்கொண்டு, அடுத்த சம்பள நாளில் முன்பு போட்ட தொகையில் பாதியையாவது மறுபடியும் போடத் தொடங்குங்கள்; பழைய அளவு நிரம்பும்வரை புதிய சீட்டோ புதிய தவணையோ எடுக்காமல் இருங்கள்.